ஹீமோபிலியா ஆய்வில் என் மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: எனது மகனுக்கு 13 வயது. இரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா ஏ, கடுமையான அளவில் இருக்கிறது. கொழும்பில் உள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்குக்கு ஒழுங்காகச் செல்கிறோம். கடந்த முறை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழுவினர் வந்து, ஹீமோபிலியா உள்ளவர்களின் வாழ்க்கையையும் உடல்நலத்தையும் பற்றிய ஆய்வு என்று சொல்லி நீண்ட வினாக்கொத்து ஒன்றைத் தந்தார்கள். எத்தனை முறை இரத்தம் கசிந்தது, எத்தனை நாள் பாடசாலைக்குப் போகவில்லை என்று கேட்பது சரி. மகன் கவலையாக இருக்கிறானா, குடும்ப வருமானம் எவ்வளவு, உறவினரில் வேறு யாருக்கு இந்நோய் உண்டு என்றெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள்? கணவர் வேண்டாம் என்கிறார். மகளுக்கு 21 வயது, சம்பந்தம் பேசத் தொடங்கியிருக்கிறோம். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. மாதவிடாய் மட்டும் ஒன்பது, பத்து நாளாகியும் நிற்காது. என் தம்பி எட்டு வயதில் பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காமல் இறந்துபோனான். அதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. பாடசாலையிலும் மகனுக்கு ‘வாதம்’ என்றே சொல்லியிருக்கிறோம். மறுத்தால் மருந்து தராமல் விட்டுவிடுவார்களா? பதில் சொன்னால் எங்களுக்கு என்ன பயன்?
ஒரு தாய், கொழும்பு 13

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்களை அதிகம் பயமுறுத்தும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மறுத்தால் மருந்து நிற்காது. ஆய்வில் சேர்வதும் சேராததும் முற்றிலும் உங்கள் விருப்பம். சேர்ந்த பிறகு இடையில் விலகலாம். பிடிக்காத ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதலாம். இவை யாரும் உங்களுக்குக் காட்டும் தயவு அல்ல. ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் காக்கும் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி பெற்ற எந்த ஆய்வுக்கும் உரிய நிபந்தனைகள். வினாக்கொத்துடன் ஒரு தகவல் தாளும் தந்திருக்க வேண்டும். அதில் அனுமதி தந்த குழுவின் பெயரும் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் தரவில்லை என்றால் தமிழில் கேட்டு வாங்குங்கள்; வரிசையில் நிற்கும்போது யாரோ வாய்மொழியாகச் சொல்லும் சுருக்கம் போதாது.

உங்கள் சம்மதம் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். மகனுக்கு 13 வயது. அவனிடமும் கேட்க வேண்டும். கவலை பற்றிய கேள்விகளுக்கு அவன் உங்கள் முன்னால் ஒரு பதிலும் தனியே இருக்கும்போது வேறு பதிலும் சொல்லக்கூடும். பல காலமாக இப்படிப்பட்ட வினாக்கொத்துகளோடு குடும்பங்களைச் சந்தித்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாய் ‘அவன் கெட்டிக்காரன், எதையும் தாங்குவான்’ என்று எழுதிய இடத்தில், பிள்ளை ‘விளையாட்டு நேரத்தில் நான் வகுப்பில் தனியாக இருப்பேன்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் உண்மைதான். ஆய்வுக்கு இரண்டும் வேண்டும்.

கணவரின் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஹீமோபிலியாவின் வரலாற்றில் அதற்குக் காரணம் இருக்கிறது. 1970களிலும் 80களிலும் பிரித்தானியாவில் தொற்றுள்ள இரத்தப் பொருட்களிலிருந்து தயாரித்த ஃபாக்டர் மருந்தால் (இந்நோயில் குறைந்திருக்கும் உறைதற்காரணியை ஊசியாகக் கொடுப்பது), இரத்தக் கசிவு நோய் உள்ள ஏறத்தாழ 1,250 பேருக்கு எச்ஐவி தொற்றியது. அவர்களில் சுமார் 380 பேர் சிறுவர்கள். அங்கே ட்ரெலோர் என்ற பாடசாலையில் ஹீமோபிலியா உள்ள பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கும் பெற்றோருக்கும் சரியாகச் சொல்லாமலே அவர்களை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள் என்று 2024 மே மாதம் வெளியான அந்நாட்டு விசாரணை அறிக்கை கூறியது. ஆகவே ‘எதற்குக் கேட்கிறீர்கள், யார் பணம் தருகிறார்கள், எங்கள் பதில்கள் எங்கே போகும்’ என்று உங்கள் கணவர் கேட்டால், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர் இந்த வேலைக்குத் தகுதியற்றவர். மருந்து நிறுவனம் பணம் தருகிறது என்றால் அதனாலேயே ஆய்வு கெட்டுவிடாது. ஆனால் அதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பெயர் வெளியே போகுமா என்ற பயத்துக்கு வருகிறேன். ஒழுங்கான ஆய்வில் உங்கள் பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் இருக்கும். பெயரையும் இலக்கத்தையும் இணைக்கும் பட்டியல் தனியாகப் பூட்டி வைக்கப்படும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. ஆனால் நம்மிடையே செய்தி கசிவது கணினியிலிருந்து அல்ல. கிளினிக் வாசலில், அடுத்த கதிரையில் இருப்பவர் காதில் விழும்படி கேட்கப்படும் கேள்வியிலிருந்துதான். ஆகவே தனியறையில் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரவரோ உறவினரோ கேள்வி கேட்பவராக வந்தால் வேறொருவரை அனுப்பச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள்.

இனிப் பயன். உண்மையைச் சொல்கிறேன்: இந்த ஆய்வால் உங்கள் மகனுக்கு அடுத்த மாதம் எதுவும் மாறாது. மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் நான் உங்களைச் சேரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். திகதி, எந்த மூட்டு, எத்தனை யூனிட் ஃபாக்டர் என்று இருக்கும். அந்த வீக்கத்துக்காக மகன் இழந்த பரீட்சை அதில் இல்லை. கணவர் விட்ட நாட்கூலி இல்லை. இரவு முழுவதும் முழங்காலைப் பிடித்தபடி அவன் அழுதது இல்லை. ஆனால் எந்தச் சிகிச்சையை வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்யும் மேசைக்கு எழுத்தில் உள்ளதுதான் போகிறது. கசிவு வந்த பிறகு ஊசி போடுவது ஒரு வழி. வராமல் தடுக்க ஒழுங்காக ஊசி போடுவது இன்னொரு வழி. அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த அலோக் ஸ்ரீவஸ்தவா முதன்மை ஆசிரியராக இருந்து, உலக ஹீமோபிலியா சம்மேளனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, கடுமையான ஹீமோபிலியாவுக்குத் தடுப்பு முறையையே உரிய சிகிச்சையாகக் கூறுகிறது. அதே வழிகாட்டியில், கசிவுகளை எண்ணுவதோடு மூட்டின் நிலை, அன்றாடச் செயல்கள், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றையும் அளக்க வேண்டும் என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. தடுப்பு முறைக்கு மருந்து அதிகம் செலவாகும். எமிசிசுமாப் போன்ற, தோலுக்கடியில் வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ போடும் புதிய மருந்துகளின் விலை இன்னும் பேச்சுக்குரியது. இந்தச் செலவு ஏன் தேவை என்று கேட்கப்படும்போது எடுத்து வைக்க, உங்கள் வீட்டில் நடப்பது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு: எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே. நல்ல பதிவேடுகள் உள்ள ஆறு நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019இல் செய்த கணிப்பின்படி, ஓர் இலட்சம் ஆண்களில் ஹீமோபிலியா ஏ உள்ளவர்கள் சுமார் 17 பேர், அதன் இன்னொரு வகையான பி உள்ளவர்கள் ஏறத்தாழ 4 பேர். இலங்கையின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சம் அளவில் இருக்கிறது. ஆண்கள் ஒரு கோடியைச் சற்றுத் தாண்டுவர். கணக்குப் போட்டால் 2,200 பேர் வரை வரும். அதே கணிப்பில் இன்னோர் எண் என்னை மிகவும் வருத்துகிறது. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஹீமோபிலியா ஏ உள்ளவர்கள் இலட்சத்துக்குச் சுமார் 25 பேர். ஆனால் உயிரோடிருப்போரைக் கணக்கிட்டால் 17. வசதியான நாடுகளிலேயே இந்த வேறுபாடு. இடையில் காணாமல் போனவர்கள், வயதுக்கு முன்பே இறந்தவர்கள்.

உங்கள் தம்பியும் அப்படி ஒருவராக இருக்கலாம். பெயர் தெரியாத நோயால் இறந்தார் என்று இருந்துவிட்டது. எந்தப் பதிவேட்டிலும் அவர் இல்லை. ‘உறவினரில் வேறு யாருக்கு உண்டு’ என்ற கேள்வி உங்களுக்கு அந்தரங்கத்தில் தலையிடுவதாகத் தோன்றியது. அந்த ஒரு கேள்வியால்தான் அவரைப் போன்றவர்கள் கணக்கில் வருகிறார்கள். கிளினிக்குக்கு வருபவர்களை மட்டும் கேட்கும் ஆய்வில் வர முடிந்தவர்களின் வாழ்க்கைதான் தெரியும். நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள். பஸ்ஸிலோ ஓட்டோவிலோ வந்து சேர்ந்துவிடலாம். மலையகத் தோட்டத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ வீங்கிய காலோடு வர வேண்டியவரின் பதில் வேறாக இருக்கும். ஆய்வுக் குழுவினரிடம் ‘அவர்களையும் கேட்கிறீர்களா’ என்று நீங்கள் கேட்டால் நான் மகிழ்வேன். நாற்பது, ஐம்பது வயதில் மடங்காத முழங்காலோடு வாழும் ஆண்களையும் விட்டுவிடக் கூடாது. மருந்து அரிதாக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் கிளினிக்குக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

எப்படிப் பதில் எழுதுவது என்றும் சொல்ல வேண்டும். வைத்தியருக்குப் பிடித்த பதிலை எழுதாதீர்கள். ‘வீக்கம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டிருந்தால், எண்ணெய் பூசி உருவியிருந்தால் உருவினோம் என்றே எழுதுங்கள். பல வீடுகளில் நடப்பதுதான். எல்லோரும் மறைத்தால், அதைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட வராது. (ஆனால் இனிமேல் செய்யாதீர்கள். மூட்டுக்குள் இரத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்போது உருவுவதும் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் கசிவைக் கூட்டும். காலை அசைக்காமல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்து, தாமதிக்காமல் ஃபாக்டர் போட வேண்டும்.) ‘கடந்த ஆண்டில் எத்தனை கசிவு’ என்ற கேள்விக்கு நினைவிலிருந்து சொன்னால் பெரும்பாலும் பிழைக்கும்; பெரியவை நினைவில் நிற்கும், சிறியவை மறந்துவிடும். இன்றே ஒரு சிறு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்: எந்த நாள், எந்த மூட்டு, அடிபட்டதா தானாக வந்ததா, எத்தனை மணிநேரத்தில் ஊசி போட்டது, எத்தனை நாள் பாடசாலை தவறியது. ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று முறை தானாகக் கசிந்தால், அந்த மூட்டை வைத்தியர் தனியாகக் கவனிக்க வேண்டும். இந்தக் கொப்பி ஆய்வுக்கு உதவுவதைவிட உங்கள் மகனுக்கு அதிகம் உதவும்.

பாடசாலை விடயத்தில் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. ‘வாதம்’ என்று சொல்லி வைத்திருப்பது ஆபத்து. தலைவலி என்று அவன் சொன்னால் ஓர் ஆசிரியர் நல்ல மனதோடு டிஸ்பிரின் கொடுத்துவிடுவார். அது அஸ்பிரின், இரத்தம் உறைவதை மேலும் தடுக்கும். இபுபுரோஃபெனும் டைக்லோஃபெனக்கும் அப்படியே. பனடோல் கொடுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் படியில் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லையென்று வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். தலையில் அடி என்றால் வைத்தியசாலைக்குப் போனவுடனே ஃபாக்டர், அதன் பிறகுதான் ஸ்கேன். காத்திருக்கும் நேரம் கிடையாது. அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டுமாவது சொல்லுங்கள். கிளினிக்கில் கேட்டால் ஒரு கடிதம் தருவார்கள். சொன்னால் விளையாட்டிலிருந்து முற்றாக ஒதுக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்களானால், நீந்தலாம், நடக்கலாம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வலுவான தசை மூட்டைக் காக்கும்.

இனி மகள். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ‘ஒரு நோயும் இல்லை, மாதவிடாய் மட்டும் ஒன்பது, பத்து நாளாகியும் நிற்காது.’

ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தால் வந்திருக்கும். உங்கள் குடும்பம் அப்படியல்ல என்றே தோன்றுகிறது. உங்கள் தம்பிக்கு இருந்ததும் இதே நோய் என்றால் (நீங்கள் எழுதியிருப்பது அதற்கு நன்றாகவே பொருந்துகிறது), உங்கள் தாயிடமிருந்து அந்த மரபணு அவருக்கும் உங்களுக்கும் வந்து, உங்களிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது. அப்படியானால் மகளுக்கும் வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. எந்தத் தாயும் எந்த மரபணுவைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டில் யாராவது உங்களைக் குறை சொல்லியிருந்தால், அவர்களுக்கும் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

‘காவி’ என்று நாம் சொல்லும், இந்த மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கு நோய் வராது, பிள்ளைகளுக்குக் கடத்துவதோடு சரி என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள், வைத்தியர்களில் பலரும் உட்பட. அது தவறு. உறைதற்காரணி எட்டின் (ஹீமோபிலியா ஏயில் குறைந்திருப்பது இதுதான்) அளவு வழமையாக 50 முதல் 150 சதவீதம் வரை இருக்கும். காவியான பெண்களில் கணிசமானோருக்கு அது 40க்கும் கீழே இருக்கிறது. 2021இலிருந்து சர்வதேச நிபுணர் குழு இவர்களைக் காவிகள் என்று ஒதுக்காமல், ஹீமோபிலியா உள்ள பெண்கள் என்றே வகைப்படுத்துகிறது. ஏழு நாளுக்கு மேல் நீளும் மாதவிடாய், இரண்டு மணிநேரத்துக்குள் மாற்ற வேண்டிய பேட், படியேறினால் இளைப்பு, வெளிறிய முகம்: இவற்றைப் பெண் பிள்ளைகளுக்கு இயல்பு என்று நம் வீடுகளில் தள்ளி வைத்துவிடுகிறோம். அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, அம்மம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கும் அப்படி இருந்திருந்தால், அதற்குக் காரணமே இதுவாக இருக்கலாம். உங்களையும் கேட்கிறேன்: பிரசவங்களுக்குப் பிறகு உங்களுக்கு அதிகம் இரத்தம் போனதா? உங்கள் காரணி அளவை யாராவது பார்த்தார்களா?

மகளுக்கு மூன்று பரிசோதனைகள் வேண்டும். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும், இரத்தசோகை இருக்கிறதா என்று அறிய. காரணி எட்டின் அளவு, அவளுக்குக் கசியும் தன்மை இருக்கிறதா என்று அறிய. மூன்றாவது மரபணுப் பரிசோதனை. அளவு சரியாக இருந்தாலும் அவள் காவியாக இருக்கலாம் என்பதால் இது தேவை. முதலில் மகனிடம் எந்த மாற்றம் என்று கண்டுபிடித்துவிட்டால் மகளிடம் அதைத் தேடுவது எளிது. மூன்றாவதைச் செய்வதா, எப்போது செய்வது என்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும். அவளுக்கு 21 வயது. முதல் இரண்டையும் தள்ளிப் போடாதீர்கள்.

சம்பந்தம் கலைந்துவிடுமே என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நம் சமூகத்தில் அது வெறும் கற்பனையல்ல. ஆனால் மறைத்துச் செய்த திருமணத்தில் பிரசவ அறைக்குள் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் காவி என்று தெரிந்திருந்தால் வைத்தியர்கள் குழந்தையின் தலையில் கருவி வைத்து இழுப்பதைத் தவிர்ப்பார்கள். மகப்பேற்றுக்குப் பிறகு அவளுக்கு இரத்தம் போவதைத் தடுக்கத் தயாராக இருப்பார்கள். பிறந்த ஆண் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பரிசோதிப்பார்கள். தெரியாவிட்டால் இவை எதுவும் நடக்காது. உங்கள் தம்பிக்கு நேர்ந்ததும் தெரியாமல் போனதால்தான். ஆகவே மணமகனாக வருபவருக்குத் தெரிய வேண்டும். அதைத் தரகரும் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. மகளே, தனக்கு நம்பிக்கை வந்த கட்டத்தில், திருமணத்துக்கு முன் சொல்ல வேண்டும். வேண்டுமானால் இருவரும் சேர்ந்து வைத்தியரைச் சந்திக்கலாம். இன்று பிறக்கும் ஹீமோபிலியா குழந்தையின் வாழ்க்கை உங்கள் தம்பியின் வாழ்க்கை அல்ல என்பதை ஒரு வைத்தியர் வாயால் கேட்பது அந்த இளைஞருக்கும் நல்லது. சொந்தத்துக்குள் பேசுகிறீர்களானால், தாய்வழிக் குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு என்று விசாரிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

வினாக்கொத்துக்குத் திரும்புகிறேன். அதில் பெண்களைப் பற்றி ஏதாவது கேட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கடைசிப் பக்கத்தில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ என்ற இடத்தில் உங்களைப் பற்றியும் மகளைப் பற்றியும், அவள் சம்மதித்தால், எழுதுங்கள். முடிவுகள் வந்ததும் தமிழில் எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேட்டு வையுங்கள். பதில் சொன்னவர்களுக்கு முடிவைச் சொல்லாத ஆய்வுகள் இங்கே அதிகம், எனக்கு அதில் நீண்ட நாள் கோபம்.

படிவத்தை நிரப்ப அடுத்த கிளினிக் வரை நேரம் இருக்கிறது. கணவரோடும் மகனோடும் பேசி நிதானமாகச் செய்யலாம். மகளின் இரத்தப் பரிசோதனைக்கு அவ்வளவு நேரம் எடுக்காதீர்கள். இந்த வாரமே அவளை அழைத்துச் சென்று, அவளுடைய தம்பிக்கு ஹீமோபிலியா ஏ இருக்கிறது, மாமா பல் பிடுங்கியபின் இறந்தார், மாதவிடாய் பத்து நாள் போகிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் வைத்தியரிடம் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையோ ஹோர்மோன் மாத்திரையோ எடுக்கிறாள் என்றால் அதையும் சொல்லுங்கள். அது காரணியின் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். அறிக்கை வரும்வரை மாதவிடாய் நாட்களில் இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அசிட் மாத்திரை அவளுக்குப் பொருந்துமா என்றும் அங்கேயே கேளுங்கள்.